ஊர் சமைத்த சுருக்கெழுத்தர்

நகரங்களை நிறுவியவர்கள் என்றால் நம் நினைவுக்கு முதலில் வருபவர்கள் அரசர்கள். அவர்களுக்குப் பின் வணிகக் குழுமங்கள். சென்னையே அதற்குச் சான்று. நாடாளுமன்றத்தில் பிறர் பேசுவதைக் குறிப்பெடுத்துக் கொடுத்துக் கூலி பெற்றுப் பிழைத்த ஒருவர் இரண்டு நகரங்களை நிறுவினார் என்றால் அது கதாசிரியர் ஒருவரின் கற்பனைபோலத் தோன்றும். ஆயினும் அது நடந்தது. அவர் பெயர் எபனேசர் ஹோவர்ட். 1850 சனவரி 29ஆம் நாள் லண்டனில் பிறந்தவர். 1928 மே முதல் நாள், தாம் நிறுவிய இரண்டாம் நகரில் மறைந்தவர். அவரிடம் நிலம் இருந்ததில்லை. கட்டடக் கலையில் அவருக்குப் பயிற்சியும் கிடையாது. அவர் தனித்து எழுதி வெளியிட்ட பெருநூல் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்து முடித்தவற்றை எண்ணும்போது, எழுத்தையே நம்பி வாழும் நம் போன்றோருக்கு ஒரு வியப்பும், கூடவே சிறிது நாணமும் உண்டாகின்றன.

இன்று பசுமைக் கட்டடம் என்ற சொல் பரவலாக வழங்குகிறது. கூரையில் வெயிலைப் பிடிக்கும் தகடுகள், மழைநீரைச் சேர்க்கும் தொட்டி, மதிப்பெண் போட்டுச் சான்றிதழ் தரும் அமைப்புகள் என்று அத்துறை வளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வெயிலும் காற்றும் வர வேண்டும், வேலைக்கு நடந்தே போக வேண்டும், ஊரின் கழிவு வயலுக்கு எருவாக வேண்டும், ஊர் ஓர் எல்லையோடு நின்று அதற்கப்பால் வயலும் காடும் தொடங்க வேண்டும் என்பனவெல்லாம் 1898ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டன. அவற்றோடு இன்னொன்றும் அச்சேறியது. நிலத்தின் விலை உயரும்போது அந்த உயர்வு யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி அது. முன்னவை எல்லாம் இன்று வீட்டுமனை விளம்பரங்களில் இடம்பெறுகின்றன. பின்னதை மட்டும் விளம்பரம் செய்வார் எவருமில்லை.

ஹோவர்டின் தந்தை லண்டனில் ஃபோர் தெருவில் தின்பண்டக் கடை வைத்திருந்தவர். பிள்ளையை இளமையிலேயே வெளியூர் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார். 15ஆம் வயதில் படிப்பு நின்றது. நகர அலுவலகங்களில் எழுத்தராக அமர்ந்த இளைஞர், பிட்மன் சுருக்கெழுத்தைத் தாமே கற்றுக்கொண்டார். அக்காலத்தில் புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளரான ஜோசப் பார்க்கரிடம் சிலகாலம் பணியாற்றினார். சாதாரணமான தொடக்கமே. இங்கு நெடிது நிற்க வேண்டியதில்லை.

1871ஆம் ஆண்டு, 21ஆம் வயதில், நண்பர்கள் இருவருடன் கப்பலேறி அமெரிக்கா சென்றார். நெபராஸ்கா மாநிலத்தில் 160 ஏக்கர் நிலம் அவருக்குக் கிடைத்தது. அந்த மாவட்டத்தின் பெயரும் ஹோவர்ட் என்பது தற்செயல். மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார். உழவு அவருக்குக் கைவரவில்லை. ஓராண்டு முடிவதற்குள் நிலத்தை விட்டு நீங்கிச் சிகாகோ சேர்ந்தார். தம் வாழ்நாளில் நிலம் என்ற பெயரில் தமக்கென்று பெற்ற ஒன்றையும் இவ்வாறு கைவிட்டவரே, பின்னாளில் ஆயிரக்கணக்கான ஏக்கர்களை ஊர்ப்பொதுவாக்க முனைந்தார். உழவனின் தனிமை எத்தகையது என்பதை அவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் புல்வெளியில் நின்று அனுபவித்தார். நாட்டுப்புறத்தைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் பலருக்கும் கிட்டாத அனுபவம் அது.

சிகாகோ அப்போது பெருந்தீயில் எரிந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. தோட்டத்தினுள் நகர் என்பதே அந்நகரின் இலச்சினை வாசகம். தீக்கு முன்பு அதற்குத் தோட்டநகரம் என்ற செல்லப்பெயரும் இருந்தது. அங்கு நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களுக்கும் சுருக்கெழுத்தராகப் பணிபுரிந்த ஹோவர்ட் அப்பெயரைக் கேட்டிருக்க வேண்டும். 1876இல் தாய்நாடு திரும்பினார்.

லண்டனில் அவர் சேர்ந்த இடம் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வச் சுருக்கெழுத்தர்களான கர்னி நிறுவனம். அக்குடும்பத்தார் வகுத்த சுருக்கெழுத்து முறையைத்தான் இளமையில் சார்லஸ் டிக்கன்ஸும் பயின்று நாடாளுமன்றச் செய்தியாளரானார் என்பதை நம் அன்பர்கள் அறிந்திருக்கலாம். டிக்கன்ஸ் அத்தொழிலை விரைவில் உதறினார். ஹோவர்ட் உதறவில்லை. பிற்காலம் வரை அதுவே அவருக்குச் சோறு போட்டது. வாதங்களையும் குழுக்களின் விசாரணைகளையும் நாள்தோறும் எழுதி எழுதி, ஒரு காரியம் ஏன் நடக்காமல் போகிறது என்பதை அவர் துல்லியமாகக் கற்றார். குடிசைப் பகுதிகளைப் பற்றி எல்லாக் கட்சியினரும் ஒரே குரலில் வருந்துவார்கள். வருந்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதை எழுதிக்கொடுக்கும் கை இவருடையது.

1879இல் எலிசபெத் ஆன் பில்ஸ் என்னும் நனீட்டன் ஊர்ப் பெண்ணை மணந்தார். மூன்று பெண்களும் ஓர் ஆணும் பிறந்தனர். வட லண்டனில் ஸ்டாம்ஃபோர்டு ஹில் பகுதியில் எளிய வாடகை வாழ்க்கை. வருவாய் போதாது. போதாத வருவாயிலும் ஒரு பகுதியைத் தட்டச்சுப் பொறிகளில் புதுமை செய்யும் ஆராய்ச்சி விழுங்கிற்று. சுருக்கெழுத்தையே அச்சிடும் ஓர் எந்திரத்தை உருவாக்கிவிட வேண்டும் என்பது இறுதிவரை அவரை விடாத ஆசை. எலிசபெத்தின் பொறுமையைப் பற்றி ஹோவர்டின் வரலாற்றை எழுதியவர்கள் அனைவரும் ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்கள். ஒரு வரி போதாது என்பது என் எண்ணம்.

அந்நாளைய லண்டனை நினைத்துப் பார்க்க வேண்டும். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் லண்டன் மாவட்டத்தில் மட்டும் 45 இலட்சம் பேர். வேளாண்மை நலிந்து கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. ஒற்றை அறையில் ஒரு குடும்பம் என்பது கிழக்கு லண்டனில் வழக்கமாயிருந்தது. இந்நிலையை மாற்ற வழி தேடிய சிறு சிறு விவாதக் கழகங்களில் ஹோவர்ட் கலந்துகொண்டார். பெர்னார்ட் ஷாவும் சிட்னி வெப்பும் அங்கு அவருக்கு அறிமுகமானார்கள். நிலத்தின் மதிப்பு சமுதாயத்தால் உண்டாவது, ஆகவே அது சமுதாயத்தையே சேர வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் கருத்து அவரைக் கவர்ந்தது. 1888இல் அமெரிக்கர் எட்வர்ட் பெல்லமி எழுதிய எதிர்காலக் கற்பனை நாவலைப் படித்தபின் அவர் மறுநாள் காலை லண்டன் தெருக்களில் வேறு மனிதராக நடந்தார். அந்நாவல் இங்கிலாந்தில் வெளிவருவதற்கும் துணைநின்றார். ஆனால் பெல்லமியின் உலகில் அரசே எல்லாம். ஹோவர்டுக்கு அது ஒவ்வவில்லை. கட்டாயம் இல்லாமல், புரட்சி இல்லாமல், சிலர் கூடி ஓர் ஊரை உண்டாக்கிக் காட்டினால் மற்றவை தாமே தொடரும் என்று நம்பினார். வெகுளித்தனம் எனலாம். வெகுளிகள்தாம் சில நேரங்களில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நண்பர் ஒருவர் கொடுத்த 50 பவுன் உதவியால் 1898இல் அந்நூல் வெளிவந்தது. நாளை என்று தலைப்பு. உண்மையான சீர்திருத்தத்திற்கு ஓர் அமைதி வழி என்று அதன் துணைத்தலைப்பு. அதில் புகழ்பெற்ற ஒரு படம் உண்டு. மூன்று காந்தங்கள். ஒன்று நகரம், அங்கு வேலையும் கூலியும் கூட்டமும் உண்டு, புகையும் இருளும் உண்டு. மற்றொன்று நாட்டுப்புறம், வெயிலும் வயலும் உண்டு, வேலையும் கூட்டுறவும் இல்லை. மூன்றாவது இரண்டையும் இணைத்த நகர்-நாடு. நடுவில் மக்கள், அவர்கள் எந்தக் காந்தத்தின் பக்கம் போவார்கள் என்பதே கேள்வி. ஒரு முழு அரசியல் வாதத்தை ஒரே படத்தில் அடக்கியது சுருக்கெழுத்தரின் கைவண்ணம்.

திட்டம் இதுதான். 6,000 ஏக்கர் நிலம். நடுவே 1,000 ஏக்கரில் நகரம். சுற்றிலும் 5,000 ஏக்கர் வேளாண் நிலம். நகரில் 30,000 பேர், வயல்களில் 2,000 பேர். மையத்தில் தோட்டமும் பொதுக் கட்டடங்களும், அதைச் சுற்றி 145 ஏக்கர் பூங்கா, பூங்காவைச் சுற்றிக் கண்ணாடிக் கூரையிட்ட அங்காடி, பின்னர் வீடுகள், 420 அடி அகலமுள்ள பெருஞ்சாலை, அச்சாலையின் பசுமைக்குள்ளேயே பள்ளிகள், வெளிவட்டத்தில் தொழிற்சாலைகள், அவற்றை ஒட்டி இருப்புப்பாதை. ஆலைகள் மின்விசையால் இயங்கினால் புகை குறையும் என்றும் எழுதினார். மின்சாரம் இன்னும் பெரும்பாலான வீடுகளுக்கு வராத காலம் அது. மதுரையைத் தாமரையாகவும் தெருக்களை இதழ்களாகவும் கண்ட பழந்தமிழ்ப் புலவர் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அந்நியமாகக் கருதியிருக்கமாட்டார். ஆனால் இது படம் மட்டுமே, வரைபடம் அன்று, இடத்திற்கேற்ப மாறவேண்டியது என்று ஹோவர்ட் நூலிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறார். பின்வந்தோரில் பலர் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

மொழி பற்றி ஒரு சொல். இந்த ஊர்வகையைத் தமிழில் பூங்கா நகர் என்று சொல்வோர் உண்டு. சென்னையில் அப்பெயரில் ஒரு பகுதி ஏற்கனவே இருப்பதாலும், ஹோவர்ட் கருதியது அழகுக்கான பூங்காவை மட்டுமன்று, காய்கனி விளையும் நிலம் சூழ்ந்த ஊரை என்பதாலும் தோட்டநகரம் என்பதே பொருந்தும்.

நூலின் உயிர் படங்களில் இல்லை, கணக்குகளில் இருக்கிறது. கவிஞர்கள் கணக்கைத் தாண்டிச் செல்வது இயல்பு. இங்கு மட்டும் சற்றுப் பொறுத்தருள வேண்டும். வேளாண் நிலம் ஏக்கர் 40 பவுன். 6,000 ஏக்கர் 2,40,000 பவுன். அதை நூற்றுக்கு 4 வட்டியில் கடன்பத்திரம் மூலம் திரட்டினால் ஆண்டு வட்டி 9,600 பவுன். வெறும் வயலாயிருந்த இடத்தில் 30,000 பேர் குடியேறியதும் மனையின் மதிப்பு பன்மடங்காகும். அவர்கள் தரும் வாடகை, லண்டனில் தருவதைவிட மிகக் குறைவாயினும், வட்டியைக் கட்டவும் 30 ஆண்டுகளில் முதலை அடைக்கவும் ஊரின் சாலை, பள்ளி, பூங்காச் செலவுகளைத் தாங்கவும் போதும். கடன் அடைந்தபின் வாடகை முழுவதும் ஊருக்கே. முதியோர்க்கு ஓய்வூதியம் கூட அதிலிருந்து தரலாம். அதாவது, மனைத்தொழில் செய்பவன் தன் பையில் போட்டுக்கொள்ளும் இலாபமே ஊரின் வருவாயாகிறது. நிலத்தைத் துண்டு போட்டு விற்கக்கூடாது. குத்தகைக்கே விட வேண்டும். முதலீட்டாளருக்கு அளவான ஈவு உண்டு, அளவுக்கு மேல் இல்லை.

1899இல் தோட்டநகரச் சங்கம் தொடங்கப்பட்டது. ஹோவர்ட் உருவில் சிறியவர், உடையில் எளியவர். மேடையேறினால் குரல் அவையைக் கட்டிப்போடும் என்று கேட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஊர் ஊராகச் சென்று கண்ணாடிப் படங்களைத் திரையில் காட்டிப் பேசினார். ரால்ஃப் நெவில் என்ற வழக்கறிஞர் 1901இல் தலைமை ஏற்றதும் சங்கத்திற்குச் செல்வாக்கு வந்தது. கேட்பரி, லீவர் போன்ற தொழிலதிபர்கள் வந்தனர். செல்வாக்குக்கு ஒரு விலையும் இருந்தது. 1902இல் நூல் இரண்டாம் பதிப்பாக நாளைய தோட்டநகரங்கள் என்ற பெயரில் வந்தபோது, சீர்திருத்தம் என்ற சொல் அட்டையிலிருந்து மறைந்தது. நிலவுடைமையாளரின் வாடகை எவ்வாறு படிப்படியாகக் குறைந்து ஒரு புள்ளியில் மறைந்துபோகும் என்று முதற்பதிப்பில் காட்டிய படமும் நீங்கியது. தோட்டம் நின்றது, நிலம் பற்றிய கேள்வி பின்னுக்குப் போயிற்று. ஒரு நூலின் இரண்டு பதிப்புகளுக்கிடையே அதன் உள்ளம் இடம் மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

1903 செப்டம்பரில் முதல் தோட்டநகர நிறுவனம் பதிவாயிற்று. லண்டனுக்கு வடக்கே 35 மைல் தொலைவில், லெச்வொர்த் என்னும் சிற்றூரைச் சுற்றி 15 உடைமையாளரிடமிருந்து, விலை ஏறிவிடாதபடி மறைவாகப் பேசி, 3,818 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 1,55,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. அக்டோபர் 9ஆம் நாள் திறப்பு விழா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தினர் வந்தனர். மழை கொட்டியது. நகரம் என்று காட்டுவதற்குச் சேறும் ஒரு கூடாரமுமே இருந்தன. அந்தச் சேற்றில் நின்று பெருமக்கள் எல்லாரும் வாழ்த்திப் பேசினார்கள்.

அந்நகரில் குடியேற எலிசபெத் ஆவலோடிருந்தார். பெண்களுக்கு இந்த ஊர் என்ன தரும் என்பதைப் பற்றி அவரும் கூட்டங்களில் பேசியிருக்கிறார். 1904 நவம்பரில், வீடு மாறுவதற்குச் சிறிது முன்னர், அவர் இறந்துபோனார். மறு ஆண்டு ஹோவர்ட் தனியராக லெச்வொர்த் வந்தார். ஊரில் எழுந்த முதல் பொதுக் கட்டடம், மக்கள் பணம் திரட்டி 1906இல் திறந்த திருமதி ஹோவர்ட் நினைவு மண்டபம். ஒருநாளும் அந்த ஊரில் வாழாத பெண்மணியின் பெயரால் அங்கு மக்கள் கூடினர். இன்றும் அம்மண்டபம் நிற்கிறது. 1907இல் ஹோவர்ட் மறுமணம் செய்துகொண்டார். அவ்வாழ்வு இனிமையாக அமையவில்லை.

நகரை வரைந்தவர்கள் பாரி பார்க்கரும் ரேமண்ட் அன்வினும், மைத்துனர்கள். அன்வின் இளமையில் வில்லியம் மாரிஸின் சமதர்ம இயக்கத்தில் உழைத்தவர். தெருவைப் பார்த்து வீட்டைத் திருப்புவதற்குப் பதிலாக வெயிலைப் பார்த்துத் திருப்பினார்கள். ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது என்பது அன்வின் வகுத்த நெறி. நார்ட்டன் பொதுவெளி அப்படியே விடப்பட்டது. ஊரைக் கட்டும்போது ஒரே ஒரு மரம்தான் வெட்டப்பட்டது என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்வது வழக்கம்.

1905இல் மலிவு வீடுகளின் கண்காட்சி நடந்தது. 150 பவுனுக்குள் ஒரு குடிசைவீடு கட்டிக்காட்ட வேண்டும் என்பது போட்டி. 60,000 பேருக்கு மேல் வந்து பார்த்தனர். செங்கல், மரம், கற்காரை என்று எல்லாம் முயன்றார்கள். லிவர்பூல் நகரப் பொறியாளர் பிராடி, கற்காரைப் பலகைகளை முன்னரே வார்த்து இரயிலில் கொண்டுவந்து நிறுத்தி ஒரு வீடு எழுப்பினார். கால்பந்தாட்டக் கம்பங்களுக்குப் பின்னால் வலை கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் இவரே. ஆனால் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அந்த 150 பவுன் வீடுகளின் வாடகையும் கடைநிலைக் கூலியாளுக்கு எட்டவில்லை. பலவற்றில் லண்டனிலிருந்து வார இறுதியில் வந்துபோகும் நடுத்தர வகுப்பார் அமர்ந்தனர். கட்டடத் தொழிலாளர் பலர் பக்கத்து ஊர்களிலிருந்து மிதிவண்டியில் வந்து, தாம் கட்டும் ஊரில் குடியிருக்க வழியின்றி மாலையில் திரும்பினர். யாருக்காக அந்த நூல் எழுதப்பட்டதோ அவர்களே வெளியே நின்றனர். பசுமை வீடுகளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

நிலக் கேள்வியும் தளர்ந்தது. மனை மதிப்பு உயர உயர வாடகையை அவ்வப்போது திருத்த வேண்டும் என்பது ஹோவர்டின் அடிப்படை. மாறும் வாடகைக்கு ஆலை முதலாளிகளும் கடன் கொடுப்போரும் உடன்படவில்லை. எனவே இயக்குநர் குழு 99 ஆண்டுக் குத்தகையும் மாறாத வாடகையும் என்று முடிவு செய்தது. குழுவில் ஹோவர்டும் ஒருவர். நிர்வாகம் அவர் கையில் இல்லை. அவரைக் கொண்டாடினார்கள், அவருடைய கணக்கை ஒத்திவைத்தார்கள். பங்குதாரர்க்கு 5 விழுக்காட்டுக்கு மேல் ஈவு இல்லை என்ற விதி மட்டும் காப்பாற்றப்பட்டது. 5 என்ன, முதல் ஈவாக 1 விழுக்காடு தரவே 1913ஆம் ஆண்டு ஆயிற்று.

ஆனாலும் ஊர் வளர்ந்தது. 1914இல் ஏறத்தாழ 9,000 பேர். டென்ட் பதிப்பகம் தன் அச்சகத்தையும் பைண்டிங் கூடத்தையும் இங்கு அமைத்தது. நம் தலைமுறையினர் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கிய எவ்ரிமேன் வரிசை நூல்கள் இந்த ஊரின் உழைப்பு. மதுக்கடை இல்லாத ஊர். 1907இல் திறந்த ஸ்கிட்டில்ஸ் விடுதியில் தேநீரும் பழச்சாறும் பேச்சும் மட்டும். மரக்கறி உணவினர், செருப்பணிந்து நடக்கும் இலட்சியவாதிகள், புதுச் சமயத்தார் எல்லாரும் வந்து சேர, லண்டன் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரத்துக்குப் பஞ்சமில்லாமற் போயிற்று. ஷா 1904இல் எழுதிய அயர்லாந்து பற்றிய நாடகத்தில் தோட்டநகரத்தைச் சற்றுக் கிள்ளியிருக்கிறார். அதே ஷா பங்கும் வாங்கியிருக்கிறார். ஹோவர்ட் எஸ்பெராண்டோ மொழியில் ஈடுபாடு கொண்டவர். 1907இல் கேம்பிரிட்ஜில் கூடிய அம்மொழி மாநாட்டினர் லெச்வொர்த்துக்கு வந்தபோது அம்மொழியிலேயே அவர்களை வரவேற்றுப் பேசினார். பொதுச் சமையலறையோடு கூடிய ஹோம்ஸ்கார்த் குடியிருப்பை 1910ஐ ஒட்டி அமைத்து, வீட்டுப் பெண்களின் அடுப்படிச் சுமை குறையட்டும் என்று தாமும் அங்கு குடிபுகுந்தார்.

இரண்டாம் நகரின் கதை ஒரு நாடகத்திற்கு உரியது. முதல் உலகப் போர் முடியும் வேளையில் ஃபிரெடரிக் ஆஸ்பார்ன் முதலிய இளைஞர்கள், அரசே நூறு புதுநகரங்களைக் கட்ட வேண்டும் என்று இயக்கம் நடத்தினர். ஹோவர்டும் அதில் சேர்ந்துகொண்டார். மனத்துக்குள் அவர் அரசை நம்பவில்லை. நாற்பது ஆண்டுகள் நாடாளுமன்றப் பேச்சை எழுதியவரல்லவா! 1919 மே 30ஆம் நாள் ஹெர்ட்ஃபோர்டில் டெஸ்பரோ பிரபுவின் நிலம் ஏலத்திற்கு வருவதை அறிந்தார். முன்பணத்திற்குச் சில நண்பர்களிடம் சென்று கேட்டுத் திரட்டினார். போதவில்லை. ஏலத்தில் கைதூக்கிக் கேட்ட முகவரே, குறைந்த தொகையைத் தம் பையிலிருந்து போட்டார். 1,458 ஏக்கர் நிலம் 51,000 பவுனுக்கு ஹோவர்ட் பெயரில் முடிந்தது. அவரிடம் அந்த 51,000 இல்லை. அதில் நூறில் ஒரு பங்குகூட இருந்திருக்குமா என்பது ஐயம். வயது 69. முன்கூட்டிக் கேட்டிருந்தால் எல்லாரும் தடுத்திருப்பார்கள். வாங்கிய பின் எல்லாரும் ஓடிவந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. 1920இல் நிறுவனம் பதிவாகி, லூயி டி சுவாசோன் வரைந்த திட்டப்படி வெல்வின் தோட்டநகரம் எழுந்தது. ஹோவர்ட் அங்கு கெஸன்ஸ் சாலையில் குடியேறினார்.

1927இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. உலக நகரமைப்பாளர் கூட்டமைப்பு 1913இல் தோன்றியது முதல் இறுதிவரை அவரே தலைவர். அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் என்று பல நாட்டார் தேடிவந்தனர். வீட்டில் அவர் பழைய சுருக்கெழுத்து எந்திரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்ததையெல்லாம் அதில் செலவிட்டார். அது கடைசிவரை வணிகத்திற்கு வரவில்லை. இரண்டு நகரங்களில் தமக்கென்று ஒரு மனையும் ஒதுக்கிக்கொள்ளாமல், 1928இல் 78ஆம் வயதில் இறந்தார். லெச்வொர்த் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

நம் பக்கத்திற்கும் ஓர் இழை உண்டு. ஹோவர்டின் இயக்கத்தோடு நெருங்கியிருந்த நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் 1914இல் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னை மீது குண்டு வீசியதாகப் பாட்டிமார் சொன்ன அதே எம்டன்தான். நண்பர்கள் மீண்டும் படங்கள் சேகரித்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. 1921இல் கெடிஸ் கொழும்பு நகருக்கும் திட்டம் எழுதினார். இன்னோர் இழை விளையாட்டைச் சார்ந்தது. ஹோவர்டின் பேரன் ஜெஃப்ரி ஹோவர்ட், 1951-52இல் இந்தியா வந்த ஆங்கிலக் கிரிக்கெட் அணியின் மேலாளர். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் பெற்றது அந்த அணிக்கு எதிராகத்தான்.

இனி அந்த நிலத்தின் கதை. வெல்வினில் ஈவுக்கு இருந்த வரம்பு 1934இல் நீக்கப்பட்டது. 1948இல் அரசு அந்நகரைப் புதுநகரச் சட்டத்தின்கீழ் எடுத்துக்கொண்டது. நிலமதிப்பின் உயர்வு ஊருக்குச் சேரும் என்ற எண்ணம் அங்கு அத்தோடு முடிந்தது. லெச்வொர்த்தில் பங்குதாரரின் பாக்கி ஈவுகள் தீர்வதற்கு இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. பாக்கி தீர்ந்து, வருவாய் ஊரைச் சேரவேண்டிய வேளை வந்ததும் வேறு கண்கள் அதன்மேல் விழுந்தன. 1960ஐ ஒட்டி, ஹோட்டல் யார்க் என்ற வெளி நிறுவனம் பங்குகளை வாங்கி ஆட்சியைக் கைப்பற்றியது. குத்தகை மனைகளை விற்றுக் காசாக்கினால் போதும். நூலின் கணக்கு முழுவதும் காற்றில் போய்விடும். ஊரார் திரண்டனர். நகரசபை நாடாளுமன்றத்தை நாடியது. ஹோவர்ட் எந்த அவையின் பேச்சைக் குறிப்பெடுத்து வாழ்ந்தாரோ, அந்த அவையே 1962இல் தனிச்சட்டம் இயற்றி நிலத்தை மீட்டு ஒரு பொதுக்கழகத்திடம் ஒப்படைத்தது. 1995 முதல் லெச்வொர்த் தோட்டநகர மரபு அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. கடைகளும் ஆலைகளும் தரும் வாடகை, செலவு போக, அவ்வூரின் நன்மைக்கே செலவாகிறது. சுற்றியுள்ள வயல்களில் உழவு நடக்கிறது.